தம்பலப்பூச்சிக்கு மீசை வைத்தவள்

பன்னிரண்டாம் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. நாலு ஓரமும் பசை தடவி, ஒரு சுருக்கம்கூட விழாமல், நறுவிசாக ஒட்டியிருந்தார்கள்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு தொடக்கப் பள்ளி. ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். நான் எழுதி, நானே படமும் போட்ட பூச்சிப் புத்தகத்தை வாசித்துக் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். யாரோ ஒரு நல்ல மனிதர் வாசிப்பு வகுப்புக்காக ஆளுக்கு ஒன்று என்று வாங்கிக் கொடுத்திருந்தார். இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் கையிலும் என் புத்தகம் இருந்ததைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் கையில் கொடுத்த பிரதியில்தான் அந்த வெள்ளைத்தாள். நான் அதை விரலால் தடவிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, தலைமை ஆசிரியை கலைவாணி டீச்சர் என் காதருகே வந்தார்.

"மன்னிச்சிக்கோங்க மேடம். தவறிப்போய் அந்தக் காப்பிய எடுத்தாந்துட்டேன். ஒரு பொண்ணு அதுல கிறுக்கி வெச்சிட்டா. நாந்தான் தாள் ஒட்டுனேன்."

அவர் மெதுவாகச் சொன்னதற்குப் பலன் இல்லை. "அஞ்சலி மிஸ்! அஞ்சலிதான் மிஸ்!" என்று வகுப்பே கைநீட்டியது.

கதவோரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாலாம் வகுப்பு இருக்கும். அவள் கையில் மட்டும் புத்தகம் இல்லை. கிறுக்கிய நாளிலிருந்து வாசிப்பு நேரத்தில் அவளுக்குப் புத்தகம் கிடையாதாம். அதுதான் தண்டனை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், கோபம் டீச்சர் மேல் வரவில்லை, அந்தப் பிள்ளை மேல்தான் வந்தது. அந்த ஒரு படத்தைப் போட எனக்குப் பதினோரு நாள் ஆனது. எச்சில் தொட்டு ஓரத்தை நனைத்து, நகத்தால் கிளப்பி, தாளை உரித்தேன். டீச்சர் "விடுங்க மேடம்" என்றார். நான் விடவில்லை.

உள்ளே என் தம்பலப்பூச்சி. அதன் தலையில் நான் அழகாகச் சுருட்டி விட்டிருந்த இரண்டு மீசைகளையும் சிவப்புப் பேனாவால் அடித்து, அந்த இடத்தில் இரண்டு கால் போட்டிருந்தாள். கீழே, 'ஆறு கால், இரண்டு மீசை' என்று நான் எழுதியிருந்ததில் மீசையை அடித்து 'கால்' என்று எழுதியிருந்தாள்.

"இது மீசைம்மா. கால் இல்ல" என்றேன், சிரித்துக்கொண்டே. பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

அவள் எழுந்து நின்றாள். "மீசைய ஊனிக்கினு யாராச்சும் நடப்பாங்களாக்கா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "ஏய், உக்காரு! பெரியவங்ககிட்ட இப்பிடித்தான் பேசுவியா?" என்று டீச்சர் அதட்டினார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "புத்தகத்துல இருக்கிறதுதான் சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

இத்தனை வருஷத்தில் நான் பேசிய பேச்சிலேயே திரும்ப வாங்க முடிந்தால் வாங்கிக்கொள்வேன் என்று நினைப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

எந்தப் பூச்சி

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கோடை முடிந்து முதல் மழை நன்றாக இறங்கி, மறுநாள் வெயில் அடித்தால், செம்மண்ணில் குண்டுமணி அளவில் ரத்தச் சிவப்பாக ஒன்று நடக்கும். உடம்பு முழுக்க வெல்வெட்டுத் துணி. தொட்டால் காலை மடக்கிக்கொண்டு சும்மா கிடக்கும், கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல எழுந்து போகும். நாலைந்து நாள்தான், அப்புறம் மண்ணுக்குள் போய்விட்டால் அடுத்த வருஷம்தான் பார்க்கலாம்.

எங்கள் பக்கம் பட்டுப்பூச்சி என்போம். பட்டு நூல் தருகிற பூச்சிக்கும் அதே பெயர் என்பதால் பிள்ளைகள் குழம்புமே என்று புத்தகத்தில் தம்பலப்பூச்சி என்று போட்டேன். பெயரில் அவ்வளவு கவனமாக இருந்தவள்தான் நான்.

ஜாக்கெட் முதுகில் பறந்தவை

எனக்கு ஊர் சந்தவாசல். தொழில் ஆரி வேலை. கல்யாண ஜாக்கெட்டின் முதுகிலும் கையிலும் ஊசியால் பூவும் மயிலும் போடுகிற வேலை. இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு இது தெரியும். புதிதாக வந்தவர்கள் இவ்வளவு தெரிந்துகொண்டால் போதும்.

பூச்சி எழுத்து எனக்குப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்த வியாதி. நூல் வாங்கச் செங்கம் போய்விட்டுத் திரும்புகையில் பஸ் வரவில்லை. காலுக்குக் கீழே புழுதியில் சின்னச் சின்னப் புனல்போலக் குழிகள். ஒரு எறும்பு வழுக்கி உள்ளே விழுந்தது. ஏறப் பார்த்தது. அடியிலிருந்து யாரோ மண்ணை வாரி அதன் மேல் வீசினார்கள். யார் என்று பார்க்கக் குந்தி உட்கார்ந்தவள், இரண்டு பஸ்ஸை விட்டேன். அது குழியானை. பெயரில் யானை இருக்கிறதே தவிர ஆள் அரிசியளவு, நடப்பதும் பின்பக்கமாகத்தான்.

வீட்டுக்கு வந்து, அளவு வெட்டுகிற பழுப்புத்தாளின் பின்புறத்தில் அதைப் பற்றி எழுதினேன். அதுதான் முதல் புத்தகம் ஆனது. அதற்குப் பிறகு மூன்று நாள் நேரில் உட்கார்ந்து பார்க்காத எதையும் எழுதுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். குச்சிகளைத் தன்மேல் கட்டிக்கொண்டு மரத்தில் தொங்குகிற விறகுப்புழுவுக்காக ஒரு முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டுக் காத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி என் வீட்டுக்காரரிடம், "அவங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தாள்.

தம்பலப்பூச்சிக்கு மட்டும் நான் அந்தச் சட்டத்தைத் தளர்த்திவிட்டேன். காரணம் சின்ன விஷயம்தான். அது எனக்கு நன்றாகத் தெரிந்த பூச்சி. தீப்பெட்டியில் போட்டு வளர்த்த பூச்சியை மறுபடி என்ன பார்ப்பது? கண்ணை மூடிக்கொண்டே வரைந்தேன். என் கைக்கோ, ஜாக்கெட் முதுகில் ஆயிரம் பட்டாம்பூச்சி போட்ட பழக்கம். பூச்சி என்று தொடங்கினால் அது போய் முடிவது இரண்டு சுருட்டை மீசையில்தான். மீசை இல்லாத பூச்சியை எந்தக் கல்யாணப் பெண்ணும் கேட்டதில்லை.

சாணி வண்டும் கண்டக்டரும்

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் பதிப்பாளரைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

கணியம்பாடி தாண்டி அமிர்தி காட்டுப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, ரோட்டோரம் ஒரு வண்டு தன்னைவிடப் பெரிய சாணி உருண்டையைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தேன். மாடுகள் குறுக்கே நின்றதால் பஸ் நின்றிருந்தது. "இறங்கணும்" என்றேன்.

"இங்க இன்னா கீதுன்னு எறங்குற? காடுதான் கீது" என்றார் கண்டக்டர்.

"ஒரு வண்டப் பாக்கணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு டிரைவரிடம், "அண்ணே, இந்தம்மா வண்டு வூட்டுக்கு விருந்துக்குப் போவுதாம். எறக்கி வுடு" என்று குரல் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. நான் இறங்கிவிட்டேன்.

அந்தக் கதையைச் சென்னைக்கு அனுப்பியபோது, பள்ளிக்கூடங்களில் சாணி என்ற சொல்லை விரும்ப மாட்டார்கள், 'மண் உருண்டை' என்று மாற்றிவிடு என்று தெரிந்தவர்கள் எல்லாரும் பயமுறுத்தினார்கள். என் பதிப்பாளர் ஒருவர்தான், "வண்டு சாணியைத்தானே உருட்டுது? அப்படியே இருக்கட்டும்" என்றார். சின்னப் பதிப்பகம். ஒரே அறை. அவரும் ஒரு உதவியாளரும்தான். ஆனால் அந்த விஷயத்தில் எனக்குத் துணை நின்றவர். இனி அவரோடு நடந்த சண்டையைச் சொல்லும்போது இதை மறந்துவிட வேண்டாம்.

கண்ணாடிக்கு அடியில்

மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தப் பெண்ணோடு மனசுக்குள் வாக்குவாதம் செய்துகொண்டே வந்தேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. எல்லாம் நல்ல பதில்கள். ஆனாலும் 'ஊனிக்கினு' என்ற அந்தச் சொல் போக மறுத்தது. பார்க்காதவளுக்கு அந்தச் சொல் வராது. கிறுக்க வேண்டும் என்று கிறுக்குகிற பிள்ளை பூச்சிக்குக் கண்ணாடி போடும், கொம்பு வைக்கும். மீசையைக் கால் ஆக்காது.

ஆறேழு நாள் கழித்து மழை பெய்தது. மறுநாள் காலையில் வெயில் வந்ததும், வேலையை அப்படியே போட்டுவிட்டு எங்கள் ஊருக்கு வெளியே இருக்கிற மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது வேர்க்கடலை நிலத்துக்கு, போனேன். ஈரமண் வாசனை மூக்கில் ஏறியது. வரப்பு ஓரம் ஒன்று, கொஞ்சம் தள்ளி இன்னொன்று என்று நடந்துகொண்டிருந்தன. ஒன்றை இலையில் ஏற்றிக் கிண்ணத்தில் விட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

டிசைனைத் துணிக்குப் படியெடுக்க என்னிடம் ஒரு கண்ணாடி உண்டு. இரண்டு முக்காலி மேல் அதை வைத்துவிட்டு, பூச்சியை அதன் மேல் விட்டேன். நான் கீழே, தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டேன்.

முதலில் காலை மடக்கிக் கிடந்தது. பிறகு எழுந்தது. முன்னால் இருக்கிற இரண்டையும் தூக்கி ஆட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தடவியது. எனக்கு உயிர் வந்தது. 'மீசைதான், பார்!' என்று வாய்விட்டே சொன்னேன். அப்படி ஆட்டுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் சின்ன வயசிலிருந்து அதை மீசை என்று நம்பியிருக்கிறேன்.

அதன் வழியில் ஒரு நூல்கண்டை வைத்தேன். பூச்சி வந்தது, நின்றது, அந்த இரண்டையும் நூல்கண்டின் மேல் வைத்து, ஊன்றி, உடம்பைத் தூக்கி ஏறியது. இறங்கும்போதும் முதலில் கண்ணாடியைத் தொட்டவை அவைதான். கீழே படுத்திருந்த எனக்கு நுனிகள் கண்ணாடியில் பதிவது தெளிவாகத் தெரிந்தது. ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எத்தனை முறை எண்ணினாலும் எட்டுதான்.

எட்டுக் கால் என்றால் அது சிலந்தியின் சொந்தம். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் மீசையே கிடையாது. இது பள்ளிப் பாடத்தில் இருக்கிற விஷயம்.

தரையிலிருந்து எழுந்திருக்க மனசு வரவில்லை. வெட்கமாக இருந்தது. தப்பாக வரைந்ததற்குக்கூட அவ்வளவு இல்லை. சரியாகச் சொன்ன பிள்ளையை, அத்தனை பேர் முன்னால், 'புத்தகத்துல இருக்கிறதுதான் சரி' என்று உட்கார வைத்துவிட்டு வந்தேனே, அதற்குத்தான். அவள் இன்னும் கதவோரம் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பாள்.

என் வீட்டுக்காரர் உள்ளே வந்து, நான் கிடந்த கோலத்தைப் பார்த்து, "இன்னா, பூச்சி ஜெயிச்சிடுச்சா?" என்றார்.

"பூச்சி இல்ல. ஒரு பொண்ணு ஜெயிச்சிட்டா."

"குட்டின்னு சொல்லிடலாம்"

பதிப்பாளருக்குப் போன் செய்தேன். அந்தச் சமயத்தில் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகவிருந்தது. பள்ளி நூலகங்களுக்கான ஒரு பட்டியலில் அது இடம்பிடித்திருந்தது. குறித்த நாளுக்குள் பிரதிகள் போய்ச் சேர வேண்டும். அதன் பலத்தில்தான் என் மூன்றாவது புத்தகத்தைப் போடுவதாக இருந்தார்.

"அச்ச நிறுத்துங்க சார். பன்னண்டாம் பக்கம் தப்பு."

விஷயத்தைக் கேட்டார். "ஒரு மணி நேரம் குடுங்க மேடம், கூப்பிடறேன்" என்றார். முக்கால் மணியிலேயே கூப்பிட்டார். குரலில் உற்சாகம்.

"மேடம், கவலையே வேணாம். தேடிப் பார்த்துட்டேன். இந்தப் பூச்சிக்குக் குட்டியா இருக்கும்போது ஆறு கால்தானாம்! 'குட்டித் தம்பலப்பூச்சி'ன்னு ஒரே ஒரு வார்த்தை சேர்த்துடலாம். தப்பே இல்லாம போயிடும்."

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாக இருந்தது. எவ்வளவு சுலபம். ஒரு சொல். புத்தகமும் தப்பிக்கும், நானும் தப்பிப்பேன். மலையில் நான் சொன்னதும் பொய்யாகாது.

"சார், அந்தக் குட்டி பொடிசா வெட்டுக்கிளி ஒடம்புல ஒட்டிக்கினு திரியுறது. அது இப்பிடி வெல்வெட்டுச் சட்ட போட்டுக்கினு மண்ணுல நடக்காது. என் படத்துல இருக்குறது வளந்தது."

"யாருக்கு மேடம் தெரியப் போவுது?"

"தெரிஞ்சவ ஒருத்தி இருக்கா. நாலாங்கிளாஸ்."

"மீசையை என்ன பண்றதுன்னு கேக்கறீங்களா? ஒரு ஓவியரோட கற்பனைன்னு..."

"கற்பனைன்னா முன்னாடியே சொல்லியிருக்கணும். மாட்டிக்கின அப்புறம் சொல்லக் கூடாது."

கோபத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே பேசினேன். அவரும் பேசினார். படத்தை மறுபடி போட எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார். சொன்னேன். அப்படியானால் குறித்த நாள் தப்பிவிடும், பட்டியலை மறந்துவிட வேண்டியதுதான், மூன்றாவது புத்தகத்தைப் பற்றியும் இப்போதைக்குப் பேச முடியாது என்றார். அவர் மிரட்டவில்லை. இருக்கிற நிலைமையைச் சொன்னார்.

"சரி" என்றேன்.

அந்த வருஷம் அந்த வாய்ப்பு போய்விட்டது. வேறு ஒரு வழியில் திரும்பி வந்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். வரவில்லை. மூன்றாவது புத்தகம் ரொம்ப நாள் பழுப்புத்தாளிலேயே கிடந்தது.

மறுபடியும் மலை

அடுத்த செவ்வாய்க்கிழமை நாலு ஒயிட்னர் புட்டி, இரண்டு கறுப்புப் பேனா, ஒரு சிவப்புப் பேனா எல்லாம் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "ரெண்டு காலுக்காக மலை ஏறுற ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்திதான்" என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டு, போளூர் வரை பைக்கில் கொண்டுவந்தும் விட்டார்.

மேலே போனபோது சாமைக்கு உழுது போட்டிருந்த நிலங்கள் ஈரமாக இருந்தன. பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. கலைவாணி டீச்சரைத் தனியாகப் பார்த்து, நடந்ததைச் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "மேடம், நீங்க வேணா அஞ்சலிகிட்ட தனியா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்களேன். கிளாஸ் முன்னாடி வேணாம். அப்புறம் எல்லா புக்குலயும் எல்லாரும் கிறுக்குவாங்க. இங்க ஒரு புக்கு வந்து சேர்றதே பெரும்பாடு. போன வருஷம் எலி கடிச்சது போவ, மழையில நனைஞ்சது போவ, மிச்சத்துக்கு ராத்திரி ராத்திரியா நாந்தான் அட்ட போட்டேன்."

அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. அவர் கெட்டவர் அல்ல. புத்தகத்தைக் காப்பாற்றப் பார்த்தவர். ஆனால் நான் அங்கே போனது தனியாகச் சொல்ல அல்ல.

"டீச்சர், நான் அவள எல்லார் முன்னாடியும்தான் தப்புன்னு சொன்னேன். சரின்னு சொல்றத மட்டும் மூலையில சொல்ல முடியாது. நீங்க வேணாம்னாலும் நான் வாசல்ல நின்னாவது சொல்லிட்டுத்தான் போவேன்."

அவர் மேசையிலிருந்த சாவியை எடுத்துப் போய் அலமாரியைத் திறந்தார். புத்தகங்களை அவரே எடுத்து அடுக்கிக் கொடுத்தார். அவரும் யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்று அதில் தெரிந்தது.

வகுப்பில் நின்று சொன்னேன். நீட்டி முழக்கவில்லை. "போன தடவ வந்தப்போ அஞ்சலி சொன்னது தப்புன்னு சொன்னேன். அஞ்சலி சொன்னதுதான் சரி. பட்டுப்பூச்சிக்கு எட்டுக் கால். மீசையே கிடையாது. நான் பாக்காமலே வரைஞ்சிட்டேன். அவ பாத்துட்டுச் சொன்னா."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் மட்டும், "அப்போ புக்கு தப்பாக்கா?" என்றான், புத்தகத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு.

"புக்கு தப்பில்ல, எழுதுனவ தப்பு" என்றேன்.

டீச்சர் எழுந்தார். "அஞ்சலி, முன்னாடி வா. இனிமே உனக்கும் புக்கு உண்டு." வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் என்ன பாடுபட்டார் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

அஞ்சலி வந்தாள். இரட்டைச் சடை, அழுத்தமான முகம். நான் பெருந்தன்மையின் உச்சியில் நின்றுகொண்டு சிவப்புப் பேனாவை அவளிடம் நீட்டினேன். எல்லாப் பிரதியிலும் அவளே கால் வரைய வேண்டும், வகுப்பு கைதட்ட வேண்டும். பஸ்ஸில் வரும்போதே எனக்குள் இந்தக் காட்சி ஓடிவிட்டது.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "புக்குல கிறுக்கக் கூடாது."

"இப்ப மிஸ்ஸே சரின்னுட்டாங்க இல்ல?"

"நீங்கதானே தப்பா போட்டீங்க? நீங்களே போடுங்க."

டீச்சர் வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் சொன்னதில் என்ன தப்பு இருக்கிறது? என் தப்பைத் திருத்துகிற வேலையை அவள் தலையில் கட்டிவிட்டு, அதற்குப் பரிசு என்று பெயர் வைக்கப் பார்த்தேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். கறுப்பை எடுத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

ஊனணும்

ஒவ்வொரு பிரதியிலும் வேலை ஒன்றுதான். ஒயிட்னரால் மீசையை மறைத்து, காயும்வரை ஊதி, அதன் மேல் இரண்டு கால் போட வேண்டும். கீழே உள்ள வரியை அடித்துவிட்டு, 'எட்டுக் கால், மீசை கிடையாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒயிட்னர் வாசனை வகுப்பு முழுக்கப் பரவியது. பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள், என்னை வேடிக்கை பார்த்தார்கள், அதட்டு வாங்கினார்கள், மறுபடி வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்று பிரதி முடித்திருப்பேன். பக்கத்தில் நிழல் விழுந்தது. அஞ்சலி நின்றுகொண்டிருந்தாள். முடித்து வைத்ததில் ஒன்றை எடுத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது ஊனல."

"இன்னா?"

"காலு தரையத் தொடல. அந்தரத்துல நிக்குது. ஊனணும்."

பார்த்தேன். வரைந்தவை கால்கள்தான், ஆனால் கை பழைய பழக்கத்தில் அவற்றை மேல்நோக்கிச் சுழித்திருந்தது. மீசையாக இல்லாவிட்டாலும் மீசைக்குத் தம்பியாக இருந்தது. மறுபடி ஒயிட்னர் போட்டு, காயவைத்து, தரையில் ஊன்றிப் போட்டேன். அவள் வாங்கிப் பார்த்து, தலையசைத்து, வலப்பக்கம் தனியாக வைத்தாள்.

அதற்கப்புறம் அவள் கை படாமல் ஒரு பிரதியும் அலமாரிக்குப் போகவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. வேகமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடி வந்தாள். கை கழுவிய ஈரத்தைப் பாவாடையில் துடைத்துவிட்டு, பிறகுதான் புத்தகத்தைத் தொட்டாள். மொத்தம் ஐந்து பிரதியை எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். ஆரி வேலையில் எவ்வளவோ கறாரான கல்யாண வீட்டுக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இவளிடம் அவர்கள் பாடம் படிக்க வேண்டும்.

இடையில் ஒருமுறை கேட்டேன். "எப்பிடிக் கண்டுபுடிச்ச?"

"எங்கம்மா சாமைக் கொல்லையில வெதைக்கும். நான் வரப்புல குந்தினு இருப்பேன். அதும் முன்னால வெரல வெச்சா, அத ஊனித்தான் ஏறும். வெரல்ல கூசும்" என்றாள். சுட்டுவிரலை என் புறங்கையில் வைத்து, இரண்டு முறை மெதுவாக அழுத்திக் காட்டினாள். அந்த அழுத்தம் எனக்கு நெஞ்சு வரை போனது. நான் கண்ணாடிக்கு அடியில் படுத்துத் தெரிந்துகொண்டதை இந்தப் பிள்ளை விரலில் தெரிந்துகொண்டிருக்கிறது.

இன்னும் சில மலைப் பள்ளிகளிலும் அந்தப் புத்தகம் இருந்தது. ஒவ்வொன்றாகப் போவது என்று அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்தேன். அந்த மழைக்காலம் முழுக்கப் போனேன். ஒரு பள்ளியில்கூட வேறு யாரும் கண்டுபிடித்திருக்கவில்லை.

கடைசிப் பஸ்ஸுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு பிரதிதான் பாக்கி. நான் தாளை உரித்த பிரதி. பசை காய்ந்து ஓரமெல்லாம் சொரசொரப்பாக இருந்தது. நடுவில் சிவப்புப் பேனாவில் அவள் வரைந்த இரண்டு கால்கள்.

அதற்கு நான் ஒயிட்னர் திறக்கவில்லை. அப்படியே மூடி அவளிடம் கொடுத்தேன். "இதுல நான் செய்ய ஒண்ணும் இல்ல. இது சரியாத்தான் கீது."

அவள் வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மற்றப் பிரதிகளைப் பார்த்ததைவிட அதிக நேரம்.

"சரியில்லக்கா" என்றாள்.

"ஏன்?"

"எடது காலு நீட்டமா போட்டுட்டேன். ரெண்டும் ஒரே அளவு இருக்கணும்." சொல்லிவிட்டு, டீச்சரை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். காலையில் பின்னால் கட்டிக்கொண்ட அதே கையை என் முன்னால் நீட்டினாள். "அந்தப் பேனாவக் குடுங்க. என் தப்ப நான் திருத்திக்கிறேன்."

டீச்சர் மேசையிலிருந்து எழுந்து வந்தார். பக்கம் மூடிக்கொள்ளாதபடி புத்தகத்தின் ஒரு ஓரத்தைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன்.